காது மெஷின் சித்தார்த்தன் அனுப்பிய வீடியோ

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் என்னுடையது ஜெராக்ஸ் கடை. பக்கத்தில் சித்தார்த்தன் அண்ணனுடையது காது மெஷின் கடை. நடுவில் சுவர் என்று பேருக்கு ஒன்று இருக்கிறது, பலகையை நிறுத்திப் பெயின்ட் அடித்தது. அங்கே பேசுவது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழும். விழாமல் என்ன செய்யும்? அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் காது கேட்காதவர்கள், கத்தித்தான் வியாபாரம் செய்ய வேண்டும். அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. "எனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, இவங்கதான் இஸ்துக்கினு வந்துட்டாங்க" என்று முறைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து உட்காருவார். இவர் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டு, உதட்டைக் காட்டாமல், சாதாரணக் குரலில் கேட்பார்: "நேத்து ஊரிகம் ஸ்டேஷன்லேர்ந்து யானை மேலதானே வந்தீங்க?"

பெரியவர் ஆமாம் என்று தலையாட்டுவார். கூட வந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சித்தார்த்தன் பெரியவரின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து, என்ன கேட்டேன் என்பதை உரக்கச் சொல்லிவிடுவார். பெரியவரும் சிரித்துவிடுவார். அதற்குப் பிறகு சோதனைக்கு மறுப்பே இருக்காது.

"காது கேக்காதவன் எதுக்குமே மாட்டேன்னு சொல்ல மாட்டான் டெய்சி" என்பார் என்னிடம். "இன்னான்னு திருப்பிக் கேட்டா மானம் போயிடும்னு எல்லாத்துக்கும் தலையாட்டிடுவான். அத்த வெச்சே நான் ஆளக் கண்டுபிடிச்சிடுவேன்."

இதை அவர் எந்தப் படிப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ட்ரில்லர். பாறை துளைக்கிற மெஷினைக் கட்டிப் பிடித்தே இரண்டு காதையும் தொலைத்தவர். சினிமாவுக்குப் போகணும் என்றால் சிறுவன் சித்தார்த்தன் அப்பாவுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டுவிட்டு முதுகைத் தொடுவானாம், அப்பா திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவாராம். அம்மா பிடித்துக்கொண்டால், "அப்பாகிட்ட கேட்டுட்டேன்" என்று சாதிப்பானாம். இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் காது போவது தலை நரைப்பது மாதிரி. யாரும் மறைப்பதில்லை, யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதுமில்லை. சுரங்கக்காரர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் டிவி அலறும். எதிரில் வருகிறவரிடம் பேசுவதற்கு முன்னால் தோளைத் தொடுவோம், அவர் திரும்பிப் பார்த்த பிறகு வாயைத் திறப்போம். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான். பெங்களூர் பஸ்ஸில் ஒரு அம்மாளின் தோளைத் தொட்டு மணி கேட்டதற்கு என்னை அவள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வெளியூரில் காது கேட்காதது ஒரு குறை என்பதே எங்களுக்கு ஞாபகம் இருக்காது. சித்தார்த்தனுக்கும் இருக்கவில்லை.

கடை விளம்பரத்துக்கு அவர் ரொம்ப நாளாக அனுப்பிக்கொண்டிருந்தது வெறும் எழுத்து மெசேஜ்தான். தமிழில் அனுப்பினால் ஒரு மெசேஜில் எழுபது எழுத்துக்குத்தான் இடம். அந்த எழுபதுக்குள் அடக்க அவர் படும் பாட்டைப் பார்க்கணும். என் கடைக்கு வந்து நின்றுகொண்டு, "'இலவசம்'னு போடட்டா, 'சும்மா'ன்னு போடட்டா?" என்று கேட்பார். "காது மெஷின் சனிக்கிழமை சும்மா துடைத்துத் தரப்படும். வாங்க." இப்படி ஒன்று போகும். பட்டன் போனிலும் போய்ச் சேரும். சனிக்கிழமை காலையில் அவர் கடை வாசலில் நாலைந்து பேர் மெஷின் டப்பாவோடு நிற்பார்கள். சண்டை சச்சரவு இல்லாத வியாபாரம்.

பிறகு ராபர்ட்சன்பேட்டையில் கண்ணாடிக் கதவு, ஏசி, சீருடைப் பெண்கள் சகிதமாக ஒரு பெரிய காது மெஷின் கடை வந்தது. அவர்கள் படமாக அனுப்பினார்கள், வீடியோவாக அனுப்பினார்கள். வெள்ளை முடியோடு ஒரு பாட்டனார் பேரனைப் பார்த்துச் சிரிப்பார், பின்னால் வயலின் வாசிக்கும். இங்கே எழுத்து மெசேஜுக்கோ புது விதி. ஒவ்வொரு வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்கணும், ஒரு சொல் மாறினாலும் போகாது. சித்தார்த்தன் எழுதியது ரெண்டு தரம் திரும்பி வந்தது. "வாங்க"வை நீக்கச் சொன்னார்களோ என்னவோ, மனிதர் சோர்ந்துபோய்விட்டார். சனிக்கிழமை வாசல் காலியாகக் கிடந்தது.

அப்போது வந்தவன்தான் சுனில். பங்காருப்பேட்டைக்காரன், கடைகளுக்கு விளம்பரம் செய்து தருகிறவன்.

"டெக்ஸ்ட்ல ஃபீலிங் இல்ல சார்" என்றான். "யாரு படிக்கறாங்க? வாட்ஸாப்ல வீடியோ போடுங்க. மாடல் கீடல் வேணாம். நம்ம ஊரு மூஞ்சி, நிஜமான ஆளு. மெஷின் வெச்ச உடனே அவரு மூஞ்சி எப்படி மாறுது, அத்தத்தான் காட்டணும்."

"பட்டன் போன் வெச்சிருக்கறவங்களுக்கு எப்படிப் போவும்?"

"அவங்க புள்ளைங்களுக்குப் போவும் சார். மெஷின் வாங்கித் தர்றது புள்ளைங்கதானே?"

சித்தார்த்தன் அதைப் பற்றி ஒரு வாரம் யோசித்தார். அவருடைய போனில் ஒரு எழுத்து மெசேஜ் மூன்றாம் தரத்தில் ஒப்புதலாகித் தயாராகவே இருந்தது: "ட்ரில்லர் வேலை செய்தவருக்குக் காது சோதனை சும்மா." அதை அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முனியப்பன் வந்தது அந்த வாரக் கடைசியில். ஸ்கெலட்டன் லைனில் இருப்பவர், அறுபதைத் தொட்டவர். இவரும் ட்ரில்லர்தான், சித்தார்த்தனுடைய அப்பாவோடு சுரங்கத்துக்குள் ஒரே லெவலில், ஒரே ஆழத்தில் வேலை செய்தவர். சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். விடியுமுன் ரயிலேறிப் போய், பொழுது சாய்ந்து வருவார். அன்று அவருக்கு ஓய்வு நாள். மனைவி சரோஜம்மா விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அன்றைக்கு யானைக் கேள்வி இல்லை. முனியப்பனைத்தான் நன்றாகத் தெரியுமே. காது சோதனை முடிந்தது, மெஷின் தேர்வானது. சுனில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தார்த்தன் மெஷினுக்கு பேட்டரி போட்டுக்கொண்டே, குனிந்தபடியே கேட்டார்: "அண்ணா, ஒரு வீடியோ எடுத்துக்கறோம், கடை விளம்பரத்துக்கு. பரவால்லதானே?"

முனியப்பன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சரோஜம்மா அப்போது என் கடையில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் எங்கள் இருவருக்கும் இது கேட்கவில்லை, நான் பிறகு தெரிந்துகொண்டதுதான். திரும்பிப் போய் அவர் உட்கார்ந்ததும் மெஷினை வைத்தார்கள். அது முதலில் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. சரோஜம்மாவுக்கு என்ன தோன்றியதோ, இத்தனை வருஷமாகக் கத்தியே பழகிய குரலைத் தாழ்த்தி, "இன்னாய்யா, இப்படி முழிக்கிற?" என்றார்.

முனியப்பன் விருட்டென்று திரும்பினார். "உன் கொரலு இப்படியாடி கீது?" என்றார். அவ்வளவுதான், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். பிறகு அவருக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது.

"கேட்டாண்ட கார் வந்து ஹாரன் அட்ச்சா எனுக்குக் கேக்காது சார். கம்பியில கைய வெச்சுக்கினே நிப்பேன். வண்டி வந்தா கம்பி அதிரும், தொறந்துடுவேன். மைன்ல பழகுனது. இத்தினி வருஷமா அப்படியே ஓட்டிட்டேன், அங்க ஒருத்தனுக்கும் தெரியாது!"

என்ன பெருமை அவர் முகத்தில்! நான் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினார் சித்தார்த்தன். கேட்டுக் கம்பி இடம் வந்ததும் நிறுத்தினார். "இந்த எடத்த வெட்டிடலாமா டெய்சி? வேலை செய்ற எடத்துக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சுனில் முந்திக்கொண்டான். "அத்த வெட்டிட்டா வீடியோல இன்னா சார் கீது? அதுதான் ஹைலைட்டே." சித்தார்த்தன் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார். அவருக்கே கண் கலங்கியது. வெட்டாமல் அனுப்பிவிட்டார். என் போனுக்கும் வந்தது. நானும் ஒரு சிவப்பு இதயம் போட்டு என் தங்கைக்கு அனுப்பினேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கடை நிரம்பி வழிந்தது. மாலூரிலிருந்தும் முல்பாகலிலிருந்தும் பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "அந்தக் கேட்டுக் கம்பி அண்ணன் வெச்ச மெஷினே குடுங்க" என்றார்கள். சித்தார்த்தன் யானைக் கேள்வி கேட்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். சுனில் காலர் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

பத்து நாள் இருக்கும், ஒரு மத்தியான வேளையில் சரோஜம்மா தனியாக வந்தார். கையில் மெஷின் டப்பா. மேஜையில் வைத்தார். அவர் குரல் ஏறவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"வேலைய விட்டு எட்த்துட்டாங்க தம்பி. அந்த அபார்ட்மென்டு குரூப்புக்கே வந்துச்சாம் உங்க வீடியோ. இத்தினி வருஷமா எங்கள ஏமாத்திக்கினு இருந்தியான்னு கேட்டாங்களாம். இப்பத்தான் மெஷின் கீதே, கேக்குதேன்னு இவரு சொல்லிக்கீறாரு. கேட்டுல சின்னப் புள்ளைங்க ஓடுது, வாணாம்னுட்டாங்க. இந்த வயசுல இன்னொருத்தன் எவன் கூப்புடுவான்? வீடே அந்த ஒரு வேலையிலதான் ஓடிச்சு."

"நான்... அவருகிட்ட கேட்டுக்கினுதாம்மா எட்த்தேன்" என்றார் சித்தார்த்தன். "சரின்னு தலையாட்டினாரே."

"எப்ப கேட்டீங்க? மெஷின் வெக்கறதுக்கு முன்னாடியா, வெச்ச பெறகா?"

பலகைக்கு இந்தப் பக்கம் என் கை ஜெராக்ஸ் மெஷினின் மூடியிலேயே நின்றுவிட்டது. பிறகு அந்தப் பக்கம் சரோஜம்மா செருப்பு மாட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

நான் போய்ப் பார்த்தபோது அவர் டப்பாவைத் திறந்து அந்த மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியும் டெய்சி" என்றார். "அந்தத் தலையாட்டல் இன்னான்னு இந்த ஊர்ல என்ன விட யாருக்குத் தெரியும்? எங்கப்பன்கிட்ட சின்ன வயசுலேர்ந்து அத்த வாங்கியே வளந்தவன் நான். குனிஞ்சுக்கினு கேட்டேன். மெஷின் வெச்சுட்டுக் கேட்டிருக்கலாம். வேணாம்னு சொல்லிடுவாரோன்னு பயந்துட்டேன். தெரிஞ்சேதான் கேட்டேன்."

தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபின் அந்தப் பொய் வரவில்லை.

அன்றே வீடியோவை எடுத்துவிட்டார். எடுத்து என்ன பயன், அது எந்தெந்தப் போனிலோ போய்க் குடியேறிவிட்டது. எங்கள் சர்ச் குரூப்பில்கூட மறுபடி வந்தது, வேறு யாரோ பாட்டு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் "தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று அனுப்பினார். "ஏன் சார், நல்லாத்தானே இருக்கு?" என்று பதில் வந்தது. முனியப்பனுக்கு ஒரு மன்னிப்பு மெசேஜ் எழுதப் பார்த்தார். அவரிடம் பட்டன் போன், எழுத்துதான் போகும். என் கடையில் நின்றுகொண்டு எழுதுவார், அழிப்பார், எழுதுவார். மெஷின் துடைப்பதை எழுபது எழுத்தில் சொல்லத் தெரிந்த மனிதருக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

பெங்களூருக்குப் போய் அந்த அபார்ட்மென்டுச் சங்கத்துச் செயலாளரைப் பார்த்தார். முனியப்பனுக்கு இப்போது எவ்வளவு தூரம் கேட்கும் என்று சோதனைத் தாளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆள் மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தாராம்.

"வீடியோ தும்ப சென்னாகிதே சார்" என்று கன்னடத்தில் பாராட்டினாராம். "என் ஒய்ஃப் அழுதுட்டாங்க. ஆனா வாட்ச்மேன் வேலைக்கு அவரு ஆகாது. நீங்களே சொல்லுங்க, உங்க பசங்க விளையாடற இடத்துல வெச்சுப்பீங்களா?"

அவர் திரும்பி வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தார், வந்தவர்களிடம் சுரத்தில்லாமல் பேசினார். ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். நான் வழக்கம்போல யானைக் கேள்விக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வெளியே வந்தபோது சர்ச் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார். "ஸ்கெலட்டன் போவணும். கூட வா டெய்சி. தனியா போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார். பையில் அந்த டப்பா இருந்தது.

முனியப்பன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு நாள் வேட்டியில்தான் இருந்தார், ஆனால் இப்போது எல்லா நாளுமே ஓய்வு நாளாகிப் போயிருந்தது. வாட்ச்மேன் சட்டை உள்ளே கொடியில் துவைத்துத் தொங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க" என்று எழுந்தார். சரோஜம்மா கதவுக்குள்ளேயே நின்றார்.

சித்தார்த்தன் டப்பாவை நீட்டினார். முனியப்பன் அதை வாங்கிப் பக்கத்துத் திண்ணையில் வைத்தார். "இருக்கட்டும். இனிமே கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்கிற மாதிரிச் சொன்னார்.

சித்தார்த்தன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னுதுதான்ணா" என்று தொடங்கினார். குரல் அவருக்கே எட்டாத மாதிரி இருந்தது. "உங்களுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சே கேட்டேன். அந்தக் கேட்டு விஷயத்தையும் வெட்டலாம்னு தோணுச்சு, தோணியும் வெட்டல. வியாபாரத்துக்காக உங்க வேலைய நான் தின்னுட்டேன். என்ன மன்னிச்சிடுங்கண்ணா."

முனியப்பன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அதே தலையாட்டல்தான். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், போதும், அவர்தான் தலையாட்டிவிட்டாரே, வாங்கண்ணா போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. சித்தார்த்தனும் பாதி எழுந்துவிட்டார். கும்பிடக் கையைக்கூடச் சேர்த்தார்.

பிறகு கையைப் பிரித்தார். முனியப்பன் அருகில் போய் அவர் தோளைத் தொட்டார். முனியப்பன் நிமிர்ந்ததும் அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். வாயைத் திறந்து, கடையில் கத்துவதைவிட உரக்க, லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"முனியப்பண்ணா! வீடியோ எடுக்கட்டுமான்னு உங்களுக்குக் கேக்காத மாதிரிதான் கேட்டேன்! தெரிஞ்சே செஞ்சேன்! உங்க வேலை போனதுக்கு நான்தான் காரணம்!"

லைன் வீட்டுச் சுவர்களைப் பற்றிச் சொல்லணுமா? வரிசையாகக் கதவுகள் திறந்தன. ஒருவர் வாயில் பல் குச்சியோடு வந்து நின்றார். எங்கேயோ ஒரு டிவி நின்றது. சித்தார்த்தன் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, உதடு நன்றாகத் தெரியும்படி, திரும்பவும் எல்லாவற்றையும் கத்திச் சொன்னார். குனிந்து பேட்டரி போட்டதைச் சொன்னார். வெட்டாமல் அனுப்பியதைச் சொன்னார். சொல்லச் சொல்ல முனியப்பனுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கதவுக்குள்ளிருந்த சரோஜம்மா வெளியே வந்து கணவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்ன மன்னிப்பீங்களாண்ணா?" என்று கடைசியாகக் கத்தினார். குரல் உடைந்துபோயிருந்தது.

முனியப்பன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடிய பிறகும் பார்த்தார். லைனே காத்துக்கொண்டு நின்றது.

இந்தத் தடவை அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் தலையாட்டவில்லை.